ஊசிப்பாறையிலிருந்து இரண்டு பாதை

“‘ரெண்டு பாதை போட்டிருக்கேன், ரெண்டு பாதை போட்டிருக்கேன்னு தம்பட்டம் அடிச்சீங்களே, ஒண்ணுல மூச்சு முட்டுது, இன்னொண்ணுல நாய் படுத்துத் தூங்குது. இதுக்கு ஒத்தைப் பாதை போதாதா, மிஸ்டர் தணிகாசலம்?’ இப்படிக் கேட்டாங்க, சிஸ்டர், அந்த டாக்டரம்மா. ஒரு எழுத்து மாத்தாம சொல்றேன். நாலு நர்ஸுங்க முன்னாடி.”

ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் அறையில் உட்கார்ந்திருந்த சிஸ்டர் அமலோற்பவம் தலை நிமிரவில்லை. கையில் ஒரு கேபிள் நுனி. எட்டுக் கம்பிகளை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“மிஸ்டர்னா சொன்னாங்க?”

“ஆமா.”

“அப்ப கோபம்தான்.”

“கோபப்பட வேண்டியது நான் சிஸ்டர்! அந்த மலையில கம்பி இழுத்தவன் நான். அட்டைக்கடி பட்டவன் நான்.”

“அட்டைக்கு யார் வந்தாலும் ஒண்ணுதான்.”

தணிகாசலத்துக்கு ஐம்பத்தாறு வயது. சிஸ்டருக்கு முப்பத்தொன்பது. ஆறு மாதத்துக்கு முன்னால், “எனக்கு லேபிள் நெட்வொர்க் சொல்லிக் கொடுங்க” என்று சிஸ்டரிடம் தானாக வந்து நின்றவர் தணிகாசலம்தான். இருபத்தெட்டு வருட சர்வீஸை வாசலில் செருப்போடு கழற்றி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. உள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தார்.

பெருமைப்பட அவருக்குக் காரணமும் இருந்தது. மலைமேல் பதினொரு சின்னச் சின்ன சிகிச்சை நிலையங்கள். கீழே மிஷன் ஆஸ்பத்திரி. மேலே ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்தால், கீழே டாக்டர் பவளக்கொடியின் திரையில் குழந்தையின் இதயம் தெரியும். துடிப்பு கேட்கும். கிழக்குச் சரிவில் ஒரு கம்பி, மேற்குச் சரிவில் ஒரு கம்பி. இரண்டும் ஒரே நீளம், ஒரே திறன். இரண்டும் தணிகாசலம் போட்டது.

ஆனால் அன்று திங்கட்கிழமை. கிழக்குக் கம்பி நிரம்பி வழிந்தது. மேற்கில் ஈ காக்கை இல்லை. திரையில் இதயம் துடிக்கும், உறையும், மறுபடி துடிக்கும்.

“‘நிக்கறது குழந்தையா, உங்க கம்பியா? எனக்கு எப்படித் தெரியும்?’ அப்படின்னும் கேட்டாங்க.”

இதைச் சொல்லும்போது மட்டும் தணிகாசலத்தின் குரல் இறங்கியது.

ஊசிப்பாறையில் பூங்கோதை என்று ஒரு பெண். எட்டாம் மாதம். குழந்தையின் இதயத்தில் ஏதோ சந்தேகம். போன தடவை ஜீப்பில் முப்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கூட்டி வந்ததில் ரத்தக்கசிவு ஏற்பட்டுவிட்டது. இன்னொரு தடவை அவளை அசைக்கக் கூடாது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் படம் ஒழுங்காக வராவிட்டால் அசைக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு வழியில்லை.

சிஸ்டர் கம்பிகளை இணைப்பானில் செருகி, இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்தினார்.

“உச்சியில இருக்கற வாசல் ரௌட்டர் என்ன பண்றான்?”

“பதினொரு ஊர்லேர்ந்தும் பொட்டலம் பொட்டலமா வர்ற பேச்சு, படம் எல்லாத்தையும் வாங்கி, ஒவ்வொரு பொட்டலத்து நெத்தியிலயும் ஒரு லேபிள் ஒட்டறான்.”

“நடு மலையில இருக்கறவன்?”

“லேபிளை மட்டும் பார்ப்பான். அந்த எண்ணை வெச்சு ஒரு கணக்குப் போடுவான். விடை ஒரு மாதிரி வந்தா கிழக்கு, இன்னொரு மாதிரி வந்தா மேற்கு. பொட்டலத்தைப் பிரிச்சுப் பார்க்க அவனுக்கு நேரமில்ல.”

“பதினொரு ஊருக்கும் என்ன லேபிள்?”

தணிகாசலம் ஊர்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டாவது விரலில் நிறுத்தினார்.

“ஒரே லேபிள்.”

“ஒரே எண். ஒரே விடை. அவன் மேல என்ன குத்தம்?”

அடுத்த கேபிளை எடுத்துக்கொண்டார்.

*

செவ்வாய்க்கிழமை தணிகாசலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

“முடிஞ்சுது சிஸ்டர். கணக்கே வேண்டாம்னுட்டேன். ஒரு பொட்டலம் கிழக்கே, அடுத்தது மேற்கே. ஒண்ணு விட்டு ஒண்ணு. இப்ப ரெண்டுலயும் சரிபாதி. ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தா என் பேரை மாத்திக்கறேன்.”

சிஸ்டர் எழுந்தார். மேஜைமேல் இருந்த டெலிபோனைச் சுழற்றினார். ஆஸ்பத்திரி மாடியில் டாக்டர் பவளக்கொடி எடுத்தார். அதே கையோடு சிஸ்டர் தன் செல்போனிலிருந்து டாக்டரின் செல்போனுக்கும் போட்டார்.

“டாக்டர், ரெண்டையும் காதுகிட்ட வெச்சுக்குங்க. தணிகாசலம் சார் உங்களுக்கு ஒரு சேதி சொல்லணுமாம்.”

இரண்டையும் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்.

“ஒரு வார்த்தை இதுல. ஒரு வார்த்தை அதுல. சரிபாதி.”

“என்ன சொல்லணும்?”

“‘கோளாறு கம்பிக்கு, குழந்தைக்கு இல்லை.’”

இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்றிருந்தது தணிகாசலத்துக்கு. இருந்தாலும் சொன்னார். டெலிபோனில், “கோளாறு.” செல்போனில், “கம்பிக்கு.” டெலிபோனில், “குழந்தைக்கு.” செல்போனில், “இல்லை.”

கட்டடச் சுவருக்குள் செல்போன் சிக்னல் எப்போதும் இரண்டு நொடி இழுக்கும்.

“என்னது!” மாடியிலிருந்து வந்த அலறல் போன் இல்லாமலே கேட்டது. “கோளாறு குழந்தைக்கு, கம்பிக்கு இல்லையா? யார் சொன்னா? எந்த ரிப்போர்ட் வந்தது? மிஸ்டர் தணிகாசலம்!”

தணிகாசலம் இரண்டு போனையும் பார்த்தார். எதில் பதில் சொல்வது என்று தெரியவில்லை.

சிஸ்டர் வாங்கி, “ஒண்ணும் இல்ல டாக்டர், டெஸ்டிங்” என்று சொல்லி இரண்டையும் வைத்தார்.

“சரிபாதிதான் சார். ஒத்துக்கறேன்.”

தணிகாசலம் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டுல பிரிச்சு விட்டா ஒண்ணு முந்துது, ஒண்ணு பிந்துது. ஒருத்தர் பேச்சு முழுக்க ஒரே பாதையிலதான் போகணும்” என்றார்.

“ம்.”

“ஆனா வேற வேற ஆள் பேச்சு வேற வேற பாதையில போகலாம்.”

“ம்.”

“அப்ப இது யார் பேச்சுன்னு நடுவுல இருக்கறவனுக்குத் தெரியணும்.”

சிஸ்டர் இந்தத் தடவை ‘ம்’ சொல்லவில்லை. தணிகாசலம் அதைக் கவனிக்கவில்லை. ஏற்கெனவே எழுந்து பாதி வாசலுக்குப் போயாயிற்று. பாதி கேட்டாலே முழுக்கத் தெரிந்துவிடும் ஆட்களில் அவர் ஒருவர். வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

*

புதன்கிழமை சாயங்காலம் வந்தவரின் முகம் வெற்றிக்கும் அழுகைக்கும் நடுவில் மாட்டியிருந்தது.

“நடுவுல இருக்கறவனைப் பொட்டலத்துக்கு உள்ள எட்டிப் பார்க்கச் சொன்னேன் சிஸ்டர். லேபிளுக்குப் பின்னாடி யார் பேரு இருக்குன்னு பார்த்து, அதை வெச்சுக் கணக்குப் போடுன்னு. பத்து ஊர் பிரமாதம்! படம் கண்ணாடி மாதிரி இருக்கு.”

“பதினொண்ணாவது?”

“ஊசிப்பாறை.”

சிஸ்டரின் கை நின்றது. இந்தக் கதையில் அவர் கை நின்றது இந்த ஒரு தடவைதான்.

“கெட்டதுலயும் ஒரு அதிசயம் சிஸ்டர், கேளுங்க. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கண்டுபிடிச்சேன். நடுவுல இருக்கறவனுக்குப் படிக்கத் தெரியாது. உள்ள முதல் எண் நாலுன்னு இருந்தா, ‘ஓ, இது இந்த மாதிரிக் கடிதம், இத்தனாவது இடத்துல அனுப்பினவர் பேரு இருக்கும்’னு அவனா ஒரு ஊகம் பண்ணிக்கறான். உள்ள முதல்ல இருக்கறது படம் அனுப்பற பெட்டியோட நம்பர். மத்த ஊர்ப் பெட்டிகளுக்கு எல்லாம் அது பூஜ்யத்துல தொடங்குது. அதனால உள்ள போய்ப் பொறுமையா, ஒழுங்காத் தேடறான். ஊசிப்பாறைக்கு மட்டும் போன மாசம் புதுப் பெட்டி வாங்கினோமே, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அந்த ஜோடியோட நம்பரே நாலுல தொடங்குது! இவன் அதைப் பார்த்து ஏமாந்து, பேரு இருக்கும்னு நினைச்ச இடத்தைப் படிக்கறான். அங்க பேரு இல்ல, வரிசை எண் இருக்கு. பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். அதனால ஒரே ஆள் பேச்சை நூறு ஆள் பேச்சுன்னு நினைச்சு ரெண்டு பக்கமும் வாரி இறைக்கறான்.” மூச்சு வாங்கினார். “இதைக் கண்டுபிடிக்க இந்தியாவுல எத்தனை பேரால முடியும், சொல்லுங்க?”

“பூங்கோதைக்குத் தெரியுமா, நீங்க கண்டுபிடிச்சது?”

தணிகாசலத்தின் முகம் விழுந்தது.

“பெட்டியை மாத்திடறேன்.”

“நாளைக்கு ஆறுல தொடங்கற பெட்டி வரும். அதுக்கு ஒரு தப்புக்கணக்கு வெச்சிருப்பான்.”

“வெச்சிருக்கான். பார்த்தேன்.”

“முதல் எழுத்தைப் பார்த்தே ஆளைத் தெரிஞ்சுபோச்சுன்னு நினைக்கறவன்” என்றார் சிஸ்டர். யாரைச் சொன்னார் என்று சொல்லவில்லை.

“பின்ன எப்படித்தான் சிஸ்டர்? நடுவுல இருக்கறவன் பார்க்காம இருந்தா எல்லாம் ஒரு பக்கம் போகுது. பார்த்தா தப்பாப் பார்க்கறான். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்தப் பொண்ணை ஜீப்புல ஏத்திடுவாங்க. நான் என்னதான் பண்றது?”

சிஸ்டர் இழுப்பறையைத் திறந்து, ஆஸ்பத்திரியின் வெளிநோயாளி சீட்டு ஒன்றை எடுத்தார். ‘தணிகாசலம், 56, ஆண்’ என்று எழுதினார். வியாதி என்ற கட்டத்தைக் காலியாக விட்டார்.

“நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஓ.பி.யில போய் உட்காருங்க.”

“எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?”

“அதான் பார்க்கறேன்.”

*

வியாழக்கிழமை ஓ.பி. என்பது திருவிழாக் கூட்டம். தலையில் துண்டு கட்டின காய்ச்சல்காரர்கள், இடுப்பில் குழந்தை, கையில் தூக்குச்சட்டி. கவுண்டரில் சீட்டுப் போடுகிறவள் ஜெபமாலை. பதினேழு வருடமாக அதே நாற்காலி, அதே எரிச்சல்.

“உங்ககூட யாரு வந்திருக்கா?”

“யாரும் இல்லை. நான் ஆஸ்பத்திரி நெட்வொர்க்...”

“தனியா வந்திருக்கீங்க. அவ்வளவுதானே? அதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?”

சீட்டில் டாக்டர் பெயரை முத்திரை குத்தினாள். அதன் கீழே இன்னொரு சின்னச் சீட்டில் ஏதோ ஒரு எண் எழுதி ஒட்டினாள். நானூற்று அறுபத்தேழு.

“எனக்கு முன்னாடி நானூத்தி அறுபத்தாறு பேரா!”

“அது வரிசை நம்பர் இல்ல சார். தள்ளி உட்காருங்க.”

இருபத்தெட்டு வருட சர்வீஸ் தள்ளி உட்கார்ந்தது.

அடுத்து ஒரு குடும்பம். பாட்டன், மகள், மருமகன், இரண்டு பிள்ளைகள். ஜெபமாலை அவர்களை நிமிர்ந்து நன்றாகப் பார்த்தாள். “எல்லாரும் ஒண்ணா?” என்று கேட்டாள். ஐந்து சீட்டிலும் ஒரே எண்ணை எழுதினாள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கிழவர். அதே டாக்டர், அதே முத்திரை. ஆனால் எண் வேறு.

கூடத்தின் முடிவில் ஒரே மாடிக்குப் போகும் இரண்டு படிக்கட்டுகள். நடுவில் ஒரு வாட்ச்மேன். யாருக்கு என்ன வியாதி என்று அவன் கேட்கவில்லை. யாரோடு யார் வந்தார்கள் என்றும் கேட்கவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சீட்டில் அந்தச் சின்ன எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்தான். ஒற்றைப்படை என்றால் இடது படி. இரட்டைப்படை என்றால் வலது படி. கை மட்டும் ஆடியது. ஐந்து பேர் குடும்பம் ஒரே படியில் ஏறியது, பாட்டன் முன்னால், பிள்ளைகள் பின்னால், கிளம்பின வரிசை கலையாமல். கிழவர் மற்ற படியில் ஏறினார்.

இரண்டு படியிலும் நெரிசல் இல்லை.

தணிகாசலம் மெல்ல எழுந்து கவுண்டருக்குப் போனார்.

“அம்மா, இந்த நம்பர் எந்த டாக்டருக்கு?”

“எந்த டாக்டருக்கும் இல்ல. டாக்டர் பேருதான் மேல குத்தியிருக்கே.”

“பின்ன இதுக்கு என்ன அர்த்தம்?”

“ஒரு அர்த்தமும் இல்ல. கைக்கு வந்ததை எழுதறேன். ஒரு குடும்பத்துக்கு ஒண்ணு. அடுத்த குடும்பத்துக்கு வேற.”

“இதை ஏன் நீங்க எழுதணும்? அந்த வாட்ச்மேனே ஒவ்வொருத்தரையும் விசாரிச்சு அனுப்பலாமே?”

ஜெபமாலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏன் சார், என்கிட்ட வாயைத் திறந்து எல்லாத்தையும் சொல்லிட்டுத்தானே உள்ள போறாங்க? எனக்குத் தெரிஞ்சதை அவன் எதுக்கு மறுபடி கேக்கணும்?”

தணிகாசலம் கையிலிருந்த சீட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

பிறகு மாடிக்கு ஓடினார். எந்தப் படி என்று பார்க்கவில்லை. டாக்டர் அறை வாசலில் ஒரு ஆயா ஒவ்வொரு சீட்டிலிருந்தும் அந்தச் சின்ன எண்ணைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, முத்திரை குத்தின சீட்டை மட்டும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். டாக்டர் அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை.

கூடை நிறைய எண்கள்.

“யோவ், சீட்டை வெச்சுட்டுப் போய்யா!” என்று பின்னால் கத்திய ஆயாவுக்கு அவர் பதில் சொல்லவில்லை.

*

“வாசல் ரௌட்டர், சிஸ்டர்! வாசல்காரன்! அவன்கிட்டதான் எல்லாரும் வாயைத் திறக்கறாங்க. எது யார் பேச்சுன்னு அவனுக்கு ஊகமே வேண்டாம், தெரியும். அவன் ஒவ்வொரு பேச்சுக்கும் இன்னொரு லேபிள் ஒட்டட்டும். சும்மா ஒரு எண். ஒரு பேச்சு முடியற வரைக்கும் அதே எண். நடுவுல இருக்கறவன் உள்ள பார்க்கவே வேண்டாம். லேபிள்களை மட்டும் சேர்த்துப் பார்த்துக் கணக்குப் போடட்டும். எனக்கு இது தோணிடுச்சு, பாருங்க! எனக்கே தோணிடுச்சு!”

சிஸ்டர் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“கீழ இருக்கறவன்கிட்ட கேட்டீங்களா?”

“என்ன கேக்கணும்?”

“முன்னப்பின்ன தெரியாத ஒரு எண் வந்தா அவன் என்ன பண்ணுவான்னு.”

தணிகாசலத்துக்கு அந்த ஆயாவின் கை ஞாபகம் வந்தது. உடனே உட்கார்ந்து, ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த கடைசி ரௌட்டரைக் கணினியில் தட்டிக் கேட்டார். எனக்கு அதைக் கிழித்துப் போடத் தெரியும், அனுப்பு என்று அது பதில் சொன்னது.

“தெரியுமாம்” என்றார்.

“அப்ப மேல போங்க. வாசல்ல கை வைக்கறவர் வாசல்லதான் நிக்கணும். தப்பா ஏதாவது தட்டிட்டீங்கன்னா இங்கேர்ந்து சரி பண்ண வழி இருக்காது.”

“நீங்க வரலையா சிஸ்டர்?”

“நான் டாக்டர் பக்கத்துல இருக்கேன்.”

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. மலை உச்சியில் தகரக் கூரை போட்ட அறை. வெளியே பனி விலகியிருந்தது. ஊசிப்பாறை நிலையத்தின் வாசலில் ஜீப் வந்து நின்றுவிட்டது என்று கீழேயிருந்து போனில் தகவல் வந்தது. டிரைவர் பின் சீட்டில் இரண்டு தலையணை போட்டிருக்கிறாராம்.

“படம் இன்னும் உறைஞ்சு உறைஞ்சுதான் வருது சார்” என்றார் சிஸ்டர் போனில். “டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருக்காங்க.”

“போனை வெச்சுடாதீங்க. ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துலயே வெச்சுக்குங்க.”

தணிகாசலம் தட்டினார். முதலில், உள்ளே எட்டிப் பார்க்கும் வேலை இனி உனக்கு வேண்டாம் என்று நடு ரௌட்டருக்கு; எல்லாப் பேச்சும் மறுபடி கிழக்கே குவிந்தது. அடுத்தது வாசலுக்கு. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தார். வாழ்க்கையில் எதையும் இரண்டு தடவை படித்தவர் இல்லை அவர்.

கடைசிப் பொத்தானை அழுத்தினார்.

திரையில் மேற்குக் கம்பி மெல்ல எழுந்தது. கிழக்கு இறங்கியது. ஊசிப்பாறையின் பேச்சு முழுக்க மேற்கில் இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு பொட்டலம் பிசகாமல்.

போனில் ஒரு சத்தம் கேட்டது.

தையல் மெஷின் ஓடுவது மாதிரி வேகமான, ஒரே சீரான சத்தம். முதலில் அது என்ன என்று தணிகாசலத்துக்குப் புரியவில்லை. புரிந்தபோது எழுந்து நின்றுவிட்டார்.

“யாரும் பேசாதீங்க” என்றது டாக்டரின் குரல்.

யாரும் பேசவில்லை. சத்தம் நிற்கவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மூன்று. ஒரு இடத்தில்கூட உறையவில்லை.

“பூங்கோதை, உனக்குத் தெரியுதாம்மா? இந்த ஓரத்துல படபடன்னு அடிச்சுக்குது பார், அதுதான். நாலு அறையும் சரியா இருக்கு. ஓட்டை கீட்டை ஒண்ணும் இல்ல. நீ கீழ வர வேண்டாம். கேக்குதா? வர வேண்டாம். யாராவது அந்த ஜீப்பைத் திருப்பி அனுப்புங்க!”

ஊசிப்பாறையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. உடனே அது அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. நர்ஸுகள் நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆணா பெண்ணா என்று யாரோ கேட்டார்கள். அதையெல்லாம் சொல்லக் கூடாது என்று டாக்டர் அதட்டினார், ஆனால் அந்த அதட்டலில் கோபம் இல்லை. சிஸ்டர் அமலோற்பவத்தின் சிரிப்பையும் தணிகாசலம் அதில் கேட்டார். ஆறு மாதத்தில் முதல் தடவை.

தகர அறையில் தனியாக நின்றுகொண்டு அவர் சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டார். தலையைக் கையால் வாரிக்கொண்டார். யாராவது பார்ப்பார்கள் என்பதுபோல நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

ஸ்பீக்கரை அணைக்கச் சொல்ல மறந்து, போனை வாயருகே கொண்டுபோனார்.

“சிஸ்டர்? சிஸ்டர், நான் மேலேர்ந்து பேசறேன். கேக்குதா? டாக்டரம்மாகிட்ட, நர்ஸுங்க எல்லாரும் இருக்கும்போதே, இது தணிகாசலம் பண்ணினதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”